குரலைத் துலக்கும் கணக்கு

"ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று டெல்லியிலிருந்து வந்த குரலோடு பொழுது விடிந்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த உச்சரிப்பின் தெளிவு இன்றும் பலர் காதில் நிற்கிறது. அப்படி நிற்கும் ஓசையில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு. மத்திய அலை ஒலிபரப்பு, உயர்ந்த அதிர்வெண்களைப் பெரும்பாலும் வெட்டிவிடும். சிறிய டிரான்சிஸ்டரின் ஒலிபெருக்கியால் அடித்தொனியைத் தர முடியாது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சியதைத்தான் நாம் கேட்டோம்.

இன்று அதே மாற்றத்தை ஒரு கல்லூரி மாணவர் தன் மடிக்கணினியில் செய்துவிடலாம். எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, ஈக்வலைசரைத் திறந்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதையும் குறைத்தால் போதும், பழைய ரேடியோ பேசத் தொடங்கும். கணினிக்குள் ஒலி என்பது வரிசையான எண்கள். அந்த எண்களைக் கணக்குப் போட்டு மாற்றுவதைத்தான் எஃபெக்ட் என்கிறார்கள்.

இந்த வசதிக்கு முன்பு எஃபெக்ட் என்றால் உடல் உழைப்பு. டெல்லி வானொலி நிலையம் 1936 ஜனவரி 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1940-களின் தொடக்கத்தில் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோ அங்கே வேலை பார்த்தபடி வானொலி நாடகங்களை எழுதிக் குவித்தார். அந்தக் கால வானொலி நாடகங்களில் இடி முழங்க வேண்டுமானால் ஒருவர் தகரத் தகட்டைப் பிடித்து ஆட்டுவார். குதிரை ஓட வேண்டுமானால் சிரட்டைகளைத் தட்டுவார்கள். உலகின் பெரிய ஒலிக்கூடங்களில் எதிரொலிக்கென்றே ஒரு வெற்றறை இருந்தது. அதில் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்துப் பதிவு செய்வார்கள். 1957-ல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் அறைக்குப் பதிலாக அதிரும் எஃகுத் தகடு ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அது செய்த வேலையை இப்போது ரிவெர்ப் என்ற பட்டியைச் சற்று நகர்த்தியே செய்துவிடலாம்.

இந்த மாற்றத்தை எளியவர்களிடம் கொண்டுசேர்த்ததில் ஆடாசிட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனியும் ராஜர் டானன்பெர்க்கும் உருவாக்கிய இந்த மென்பொருள் 2000-ல் வெளியானது. அன்று முதல் இன்றுவரை இலவசம்.

எஃபெக்ட் என்றதும் ரோபோக் குரலும் குகை எதிரொலியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அன்றாடம் அது செய்யும் வேலை கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. டெல்லி மெட்ரோவை எடுத்துக்கொள்வோம். 2002 டிசம்பர் 24 அன்று ஷாஹ்தராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே 6 நிலையங்களுடன் தொடங்கிய அந்தச் சேவையின் அறிவிப்புகளில், ஆண் குரல் ஷம்மி நாரங்குடையது, பெண் குரல் ரினி சைமன் கன்னாவுடையது. இருவரும் செய்தி வாசிப்பாளர்களாக அறிமுகமானவர்கள். புதிய தடங்கள் சேரச் சேர, புதிய நிலையங்களின் பெயர்களையும் பதிவு செய்ய வேண்டும். பல ஆண்டு இடைவெளியில் பேசிய பேச்சுகளை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் ஒன்று உரத்தும் ஒன்று மெலிந்தும் கேட்கும். இத்தகைய கிளிப்புகளின் உரப்பைச் சமன் செய்வதற்கும், தொனியை ஈக்வலைசரால் ஒத்துவரச் செய்வதற்கும்தான் எஃபெக்டுகள் அதிகம் பயன்படுகின்றன.

டெல்லியில் ஒரு பேட்டியைக் கைபேசியில் பதிவு செய்பவருக்கு வேறு விதமான சோதனை. பின்னணியில் கூலர் இரையும், மின்விசிறி சுழலும், வெளியே ஆட்டோவின் ஹாரன் அலறும். கூலரின் இரைச்சல் சீரானது என்பதால் அதை நீக்குவது எளிது. யாரும் பேசாத ஓரிரு விநாடிகளைத் தேர்ந்து மென்பொருளுக்குக் காட்டினால், இரைச்சலின் சாயல் இன்னது என்று அது அறிந்துகொண்டு கிளிப் முழுவதும் அதைக் குறைக்கும். அனுபவசாலிகள் பேட்டிக்கு முன்பே அறையின் அமைதியைச் சில விநாடிகள் பதிவு செய்துவைப்பது இதற்காகத்தான். ஹாரன் எப்போது, எந்தத் தொனியில் வரும் என்று சொல்ல முடியாது, ஆகவே இந்த வித்தை அதனிடம் பலிக்காது. இந்திய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் பதிவில் கலந்துவிடும். அதை 50, 100, 150 என்று அதன் மடங்குகளிலும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும்.

அளவு மீறினால் ஆபத்து. இரைச்சலை ஒரேயடியாகத் துடைத்தால் பேசுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும்.

வரிசையும் முக்கியம். கம்ப்ரஷர் என்ற எஃபெக்ட் உரத்த இடங்களை அடக்கும். பிறகு மொத்த ஒலியையும் உயர்த்தினால் மெல்லிய பேச்சும் நன்றாகக் கேட்கும். பேருந்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் இரைச்சலை நீக்காமல் முதலிலேயே இதைச் செய்தால், பேச்சோடு சேர்ந்து கூலரும் உரத்து ஒலிக்கும். ஆகவே முதலில் இரைச்சல் நீக்கம், அடுத்து ஈக்வலைசர், பிறகு கம்ப்ரஷர், கடைசியில் தேவைப்பட்டால் மட்டும் ரிவெர்ப் என்ற முறையையே பலர் பின்பற்றுகிறார்கள்.

துலக்குவது எங்கே முடிகிறது, மாற்றுவது எங்கே தொடங்குகிறது என்பதும் இன்று தீவிரமான கேள்வி. 2023 செப்டம்பரில் நடிகர் அனில் கபூரின் வழக்கில், அவர் அனுமதியின்றி அவருடைய பெயர், உருவம், குரல் ஆகியவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2024-ல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று, அவர்களுக்கு ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். பேட்டியில் கூலர் சத்தத்தைக் குறைப்பது நேர்மையான வேலை. பேசியவர் தயங்கிய இடத்தை வெட்டி, அவர் உறுதியாகச் சொன்னதுபோல் ஆக்குவது பொய்.

1946-ல் டெல்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிய காலத்தையும், கரோல் பாக்கின் பழைய தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையையும் நினைவுகூரக்கூடிய முதியவர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யும் பேரப்பிள்ளைகள் எஃபெக்ட் போடுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். அசல் கோப்பைத் தொடாமல் தனியே சேமித்துவிட்டு, நகலில் வேலை செய்ய வேண்டும். இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் தொடர்ந்து மேம்பட்டுவருகின்றன. இன்று பிரிக்க முடியாத ஹாரனைப் பத்து ஆண்டுகள் கழித்துப் பிரிக்க முடியலாம். அதற்கு அசல் கையில் இருக்க வேண்டும்.