பெட்ரோல் தொட்டியும் ஒரு ரப்பர் வளையமும்

2010-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மாருதி சுசூகி கம்பெனியார் தாம் விற்ற ‘ஏ-ஸ்டார்’ என்னும் சிறு கார்களில் சுமார் ஒரு லட்சத்தைத் திரும்ப அழைத்தார்கள். ஹரியானாவில் மானேசர் தொழிற்சாலையில் உருவாகி, நம் நாட்டில் விற்றதோடு ஐரோப்பாவுக்கும் கப்பலேறிய வண்டி அது. எஞ்சினில் கோளாறா, பிரேக்கில் கோளாறா என்றால் இரண்டும் இல்லை. பெட்ரோல் தொட்டியில் பம்ப் பொருந்தும் இடத்தில் ஒரு கேஸ்கெட் இருக்கிறது. தொட்டியை வாய்வரை நிரப்பினால் அவ்விடத்தில் பெட்ரோல் கசியக்கூடும் என்று கண்டார்கள். அதை மாற்றிக் கொடுப்பதற்காகத்தான் ஒரு லட்சம் வண்டிகளுக்கு அழைப்பு.

ஒரு ரப்பர் வளையத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான ஆர்ப்பாட்டம்தான் என்று எடுத்துக் காட்டுவதே என் நோக்கம். இலக்கியமும் வணிகவியலும் பயிலும் சங்க நண்பர்கள் அஞ்ச வேண்டாம். கணக்கு ஒன்றே ஒன்றுதான் வரும், அதுவும் பெருக்கல்.

பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினுக்கு அருகில் இருந்தது. இக்காலத்துக் கார்களில் அது தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. பெட்ரோலே அதைக் குளிர்விக்கவும் செய்கிறது. பம்பு, மின்சாரக் கம்பி, குழாய், அளவு காட்டும் மிதவை எல்லாம் ஒரே கூட்டாக, தொட்டியின் மேற்புறத்தில் உள்ள வட்டமான வாய் வழியே இறங்குகின்றன. அந்த வாய்க்கும் அதன்மேல் அமரும் மூடிக்கும் இடையே நசுங்கியபடி இருப்பதுதான் நம் வளையம். வீட்டில் குக்கர் மூடியின் ரப்பரைப் பார்க்காதவர் இல்லை. தொழில் அதே தொழில்தான். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: குக்கர் ரப்பர் தேய்ந்தால் சோறு வேகாமல் நமக்கு அறிவிக்கும், இந்த ரப்பர் பின் ஸீட்டுக்கு அடியில், கண் காணாத இடத்தில் இருக்கிறது.

தொட்டியின் வாய் மேற்புறத்தில் இருப்பதால், பாதியோ முக்காலோ நிரப்பியிருக்கும்போது வளையத்தைத் தொடுவது பெட்ரோல் ஆவி மட்டுமே. முழுக்க நிரப்பினால்தான் திரவமே அங்கு எட்டுகிறது. பெட்ரோல் பங்கில் குழாயின் முனையில் ஒரு சிறு துளை இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்ரோல் மட்டம் ஏறி அத்துளையை மூடியவுடன் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, பிடி ‘டக்’கென்று தானே நின்றுவிடும். அங்கே நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அந்த ‘டக்’கின் பொருள். நம்மவர் நிறுத்துவதில்லை. கணக்கு முழு ரூபாயாக வரட்டும் என்று பங்க் ஊழியர் இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்துகிறார். சில்லறைத் தொல்லை இல்லையே என்று நாமும் மகிழ்கிறோம்.

இனிப் பெருக்கல். பெட்ரோல் ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் தன் கன அளவில் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு விரிகிறது. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 35 லிட்டர், மே மாத வெயிலில் நின்று 15 டிகிரி சூடேறினால், 35-ஐ 15-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, அரை லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. இந்த அரை லிட்டர் போய் நிற்பதற்காகத்தான் தொட்டி செய்பவர்கள் மேலே கொஞ்சம் இடம் விடுகிறார்கள். அந்த இடத்தையும் ரவுண்டுத் தொகைக்காக நிரப்பிவிட்டால், விரியும் பெட்ரோல் எங்கே இளைத்த இடம் என்று தேடும். 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே கம்பெனியார் ஸ்விப்ட், டிசையர், எர்டிகா வண்டிகளில் 103,311-ஐ அழைத்ததும் இதன் உறவுக் கோளாறுதான். அங்கே குறை, பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்தில். அதுவும் ‘டக்’ ஆனபின் மேலும் ஊற்றினால் வெளிப்படுவது.

சில துளி கசிந்தால் என்ன? திரவத் துளியைக் காட்டிலும் அஞ்ச வேண்டியது அதன் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய அளவுக்குப் பெட்ரோல் ஆவி விடும். அந்த ஆவி காற்றைப்போல மூன்று நான்கு மடங்கு கனம். ஆகவே அது மேலே போய்க் கலைவதில்லை. தண்ணீரைப்போலத் தாழ்ந்த இடம் பார்த்து நகர்கிறது. காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை அது கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கொலாபாவில் கடற்காற்று வீசும் அகன்ற தெருவில் நிற்கும் காருக்கும், தாராவியில் எங்கள் தொண்ணூறடி சாலையின் பின்புறம், இட்லிக் கடையின் காஸ் அடுப்புக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவே, மூடாத சாக்கடை ஓரமாக நிற்கும் காருக்கும் கசிவு ஒன்றே. ஆபத்து ஒன்றன்று. திரும்ப அழைக்கும் கடிதத்தில் இந்த வேற்றுமையை யாரும் எழுதுவதில்லை.

நல்லவேளையாக, பற்றக்கூடிய அளவுக்கு வெகு கீழேயே மூக்கு பெட்ரோலைக் கண்டுகொள்ளும். ஆனால் மூக்குக்கு ஒரு கெட்ட குணம்: பழகிவிடும். மாகுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளின் காற்றில் வளர்ந்த செம்பூர் நண்பர்களைக் கேட்டால் தெரியும். 1950-களிலிருந்து அந்த ஆலைகள் அங்கே இருக்கின்றன; விருந்தாளிக்கு வரும் வாசனை வீட்டுக்காரருக்கு வருவதில்லை. கார் வைத்திருப்பவரும் தம் காருக்கு வீட்டுக்காரர்தான். புதிதாக ஏறுகிறவர் சொன்னால் நம்ப வேண்டும்.

வளையம் எதனால் ஆனது? சாதாரண ரப்பர் இங்கே உதவாது. எங்கள் சோதனைச்சாலையில் ஒரு ரப்பர் பாண்டைப் பெட்ரோலில் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் அது உப்பி, தொட்டால் அறுந்து வந்தது. இனம் இனத்தோடு சேரும் என்பது ரசாயனத்திலும் உண்மை: ரப்பரும் பெட்ரோலும் இரண்டுமே ஹைட்ரோகார்பன்கள். எனவே அக்ரிலோநைட்ரில் என்ற வேற்றினப் பொருளைப் பியூட்டாடையீனுடன் கோத்து நைட்ரில் ரப்பர் செய்தார்கள். அதைவிட உறுதியானது புளோரின் சேர்ந்த ரப்பர். ஆனால் எதிலும் ஒரு விலை உண்டு. 1986 ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவில் ‘சாலஞ்சர்’ விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்டார்களே, அங்கே ராக்கெட்டின் இணைப்பில் இருந்தவை புளோரின் ரப்பர் வளையங்கள். அன்றைய கடுங்குளிரில் அவை விறைத்துப்போய், இடைவெளியை உடனே நிரப்பத் தவறின. விசாரணையின்போது பெயின்மன் என்ற விஞ்ஞானி அந்த ரப்பர்த் துண்டு ஒன்றை இடுக்கியில் நசுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது பழைய உருவுக்கு விரைந்து திரும்பவில்லை என்று எல்லோர் கண்முன்னும் காட்டினார்.

அடைப்பு வளையத்தின் முழு இரகசியமும் அந்தத் ‘திரும்புதல்’தான். நசுக்கினால் எதிர்த்துத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளல்தான் அடைப்பு. மும்பையில் குளிர் எதிரியல்ல; சூடும் காலமும் எதிரிகள். பல ஆண்டு நசுங்கியே கிடந்த வளையம் நசுங்கிய உருவையே தன் உருவாக ஏற்றுக்கொள்கிறது. வெளியே எடுத்துப் பார்த்தால் தட்டையாக இருக்கும். வெடிப்பு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அது செத்த வளையம்.

இப்போது மற்றொரு பொருளும் சேர்ந்திருக்கிறது: எத்தனால். 2023 பிப்ரவரியில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-இல் நாடு முழுவதற்கும் அந்த அளவு எட்டப்பட்டது. சில ரப்பர்கள் தனிப் பெட்ரோலிலும் தனி எத்தனாலிலும் உப்புவதைக் காட்டிலும் இரண்டும் கலந்ததில் அதிகம் உப்புகின்றன. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப்பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கூறியது. செலவு அதிகமில்லை என்றும் கூறியது. பாகத்தின் விலையைப் பொறுத்தவரை அது சரிதான்.

என் மாமா மூன்றாம் கையாக ஒரு கார் வாங்கினார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஏறியவுடன் எனக்கு நெடி அடித்தது. சொன்னேன். “ஏல, பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசம் வராம மல்லிப்பூ வாசமா வரும்?” என்றார். பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணை, 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட அந்த நீளமான எண்ணை, கம்பெனியின் இணையதளத்தில் கொடுத்துப் பார்த்தேன். தொட்டி வளையத்துக்காக அழைக்கப்பட்ட வண்டி அது. வேலை இன்னும் செய்யப்படவில்லை. கடிதம் புனேயில் இருந்த முதல் சொந்தக்காரருக்குப் போயிருக்கிறது. சர்வீஸ் நிலையத்தின் முகப்பில் இருந்தவர், “உங்கள் பெயர் எங்கள் புத்தகத்தில் இல்லையே” என்றார். அழைக்கப்பட்டது ஆள் அல்ல, வண்டி என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மேலாளர் வந்து ஒப்புக்கொண்டார்.

வேலையை அருகில் நின்று பார்த்தேன். மெக்கானிக் அண்ணாச்சி முதலில் வண்டியைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, பம்பின் ப்யூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். குழாயில் இருந்த பெட்ரோல் தீர்ந்து அது தானே நின்றது. குழாயின் அழுத்தத்தை இறக்கும் வழி இது. பிறகு பாட்டரியின் நெகட்டிவ் முனை. பிறகு தொட்டியில் இருந்த பெட்ரோலில் பெரும் பகுதியை உரிய கலத்தில் இறக்கினார். பக்கத்தில் பவுடர்த் தீயணைப்பான். பின் ஸீட்டைத் தூக்கினால் தகட்டு மூடி. அதன் கீழே நம் வட்டம். கழற்றுமுன் சுற்றியிருந்த மண்ணைப் பொறுமையாகத் துடைத்தார். இல்லையேல் அத்தனையும் தொட்டிக்குள் விழும். மூடியைத் திறந்து, மிதவையின் கம்பி வளையாதபடி பம்பைச் சாய்த்து எடுத்தார். பழைய வளையம் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். அமரும் இடத்தில் கீறலோ மேடோ உண்டா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டுப் புது வளையத்தை முறுக்கு இல்லாமல் வைத்தார். ஆணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, அளவு காட்டும் சாவியால் முடுக்கினார். “இறுக்கினா நல்லதுன்னு நெனைப்பாங்க தம்பி. ஒரு பக்கம் இறுகினா எதிர்ப்பக்கம் தூக்கும்” என்றார். பின்பு சாவியைப் பல முறை போட்டு எடுத்து, பம்ப் அழுத்தம் ஏறும்போது ஈரம் தெரிகிறதா என்று பார்த்தார். கடைசியாகத் தொட்டியை ‘டக்’ வரை நிரப்பி மறுபடியும் பார்த்தார். இந்தக் கடைசிப் படியை அவசரத்தில் விட்டுவிடுபவர்கள் உண்டாம். நிறைந்தால் மட்டும் கசியும் நோயை, நிரப்பாமல் எப்படிச் சோதிப்பது?

தெருவோர வைத்தியம் ஒன்றும் உண்டு. தொட்டியில் ஓட்டை என்றால் துணி சோப்பை அழுத்தித் தேய்ப்பார்கள், உண்மையாகவே நிற்கும். சோப்பு ஓர் உப்பு, பெட்ரோலில் கரையாது. தண்ணீரில் கரையும் என்பதை ஜூன் மாத மழை நினைவூட்டும். எம்-சீல் பூசுவது வேறு வகைத் தவறு. அது கல்லாக இறுகுவது. நசுங்கித் திரும்பும் குணம் அதற்கு ஏது? அடுத்த முறை கழற்றவும் முடியாது.

சட்டத்தைப் பற்றிச் சில வரிகள். ஏ-ஸ்டார் அழைக்கப்பட்டபோது நம் நாட்டில் இதற்கென விதியே இல்லை. கம்பெனி தானாக அழைத்தது. 2012-இல் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம்தான் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, திரும்ப அழைக்கும்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அதன் விதிகள் நடப்புக்கு வந்தன. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இந்த விதிகள். நம் தெருக்களில் நிற்கும் கார்களில் பாதி அந்த வயதைத் தாண்டிய பின்பே நம்மிடம் வந்து சேருகின்றன. அவற்றுக்குக் கம்பெனி முன்பே தானாக அறிவித்த அழைப்புதான் துணை. அது நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்கச் சேஸிஸ் எண்ணும் ஐந்து நிமிடமும் போதும்.

மாமாவிடம் காசு வாங்கவில்லை. வேலை முடிந்ததாக ஒரு சீட்டு மட்டும் கொடுத்தார்கள். அதைப் பதிவுச் சான்றுடன் சேர்த்து வைத்திருக்கிறோம். நான்காம் கையாக வாங்குபவர் கேட்டால் கொடுக்க வேண்டும்.