தொடர்மாடியில் ஒரு வீடு: வாங்கும் முன் நிதானிப்போம்



வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது எமது மூத்தோர் வாக்கு. ஆனால் கொழும்பு நகரில் இன்று வீட்டைக் கட்டிப்பார்க்கக் காணி எங்கே இருக்கிறது? எஞ்சியிருக்கும் சில பேர்ச்சஸ் காணிக்கும் கேட்கப்படும் விலை, மாதச் சம்பளக்காரர் ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் எட்டாதது. ஆகவே கட்டுவதை விட்டுவிட்டு, கட்டிய வீட்டை வாங்கும் பக்கம் மக்கள் திரும்பியிருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, தெமட்டகொடை என எந்தப் பக்கம் போனாலும் வானத்தை நோக்கி எழும் தொடர்மாடிகளையே காண்கிறோம்.

இவற்றில் வீடு வாங்குவோர் யார்? கோடீஸ்வரர்கள் மட்டுமல்லர். மத்திய கிழக்கில் பதினைந்து, இருபது வருடம் உழைத்தவர்கள், ஊர்க் காணியை விற்றவர்கள், மகளுக்கு வீடு கொடுக்க வேண்டுமே என்ற கவலையில் நகைகளையும் சேர்த்துப் போட்டவர்கள் என்று பலரும் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு ஒரே கையெழுத்தில் கைமாறுகிறது. எனவே அந்தக் கையெழுத்துக்கு முன் கொஞ்சம் நிதானிப்பது அவசியமல்லவா?

நன்மைகள் இல்லாமலில்லை

நகரத்தின் நடுவில் வாழ்வதில் உண்மையான நன்மைகள் உண்டு. முதலாவது நேரம். களுத்துறையிலிருந்தோ மினுவாங்கொடையிலிருந்தோ தினமும் கொழும்புக்கு வந்து போகும் ஒரு தந்தை, பிள்ளைகள் எழும்பு முன் புறப்பட்டு, அவர்கள் உறங்கிய பின்பே வீடு சேர்கிறார். அந்த மணித்தியாலங்கள் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைப்பது சிறிய நிஃமத் அல்ல.

இரண்டாவது கல்வி. மருதானை சாஹிராவுக்கோ பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரிக்கோ பிள்ளைகள் நடந்தே போய்வரலாம். அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கும்போது, அருகில் வசிப்போருக்கே பெரும் பங்கு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு உறுதி எப்போது எழுதப்பட்டது, வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்பவற்றுக்கும் அங்கே புள்ளிகள் உண்டு. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது அவசரமாக வீடு வாங்குபவர் எதிர்பார்த்த பலனைப் பெறமாட்டார்.

மூன்றாவது பாதுகாப்பும் வசதியும். வாசலில் காவலாளி, பக்கத்திலேயே பள்ளிவாசல், ஆஸ்பத்திரி, மருந்துக்கடை. கணவர் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஒரு சகோதரிக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

நாம் வாங்குவது எதனை?

பலர் விளங்கிக்கொள்ளாத இடம் இதுதான். காணியும் வீடுமாக வாங்குபவர் மண்ணுக்கும் கூரைக்கும் தனி உரிமையாளர் ஆகிறார். தொடர்மாடியில் வாங்குபவருக்குத் தனி உரிமை தனது வீட்டு அலகுக்கு மட்டுமே. காணி, படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தாங்கி, மொட்டைமாடி ஆகிய அனைத்தும் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றில் அவருக்கு ஒரு பங்கே உண்டு. சுருங்கச் சொன்னால், அவர் ஒரு வீட்டை மட்டும் வாங்கவில்லை. முன்பின் தெரியாத பல குடும்பங்களோடு ஒரு கூட்டில் சேர்கிறார்.

இலங்கையில் இதற்கென 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது 1982 இலும் 2003 இலும் திருத்தப்பட்டது. கட்டடத்தின் கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதும், வீட்டுச் சொந்தக்காரர் அனைவரையும் அங்கத்தவராகக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று உருவாகிறது. பொதுச் செலவில் ஒவ்வொருவரும் தத்தமது பங்குக்கேற்பச் செலுத்த வேண்டும். விருப்பமில்லை என்று விலகிக்கொள்ள முடியாது. இவற்றை மேற்பார்வை செய்யக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை என்ற அரச நிறுவனமும் உண்டு.

மேல்வீடு, கீழ்வீட்டுப் பிரச்சினை எமது மார்க்க நூல்களுக்குப் புதிதல்ல. அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், சமாதான உடன்படிக்கை பற்றிய பாடத்திலேயே பொதுச்சுவர், மேல்தளம், தண்ணீர் ஓடும் வழி ஆகியவற்றின் சட்டங்கள் வருகின்றன. மேலே கட்டும் உரிமையை விற்கலாம். ஆனால் இடத்தின் நீள அகலமும் சுவரின் அளவும் கூரையின் தன்மையும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும் என்கிறார்கள். பொதுச்சுவர் இடிந்துவிட்டால் அதைத் திருத்துமாறு பங்காளியைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது ஷாபிஈ மத்ஹபின் புதிய கருத்து. இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை என்ன? கூட்டுச் சொத்தில் எல்லாம் முன்கூட்டியே செய்துகொள்ளும் தெளிவான உடன்படிக்கையில்தான் தங்கியிருக்கிறது. அந்தக் கடப்பாட்டை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகு, மாதக் கட்டணத்தைச் செலுத்தாமல் மற்றவர் செலவில் லிப்டில் ஏறி இறங்குவது அமானிதத்துக்கு மாறான செயலாகும்.

விலையோடு முடிவதில்லை

விளம்பரத்தில் இருக்கும் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். உறுதி எழுதும்போது முத்திரை வரி உண்டு. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். மூன்று கோடி ரூபா வீடென்றால் இதுவே 11 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. நொத்தாரிசின் கட்டணம் வேறு.

பிறகு மாதப் பராமரிப்பு. உதாரணமாக அது 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். கட்டணம் கூடாமலே இருந்தாலும் பத்து வருடத்தில் 24 இலட்சம். உழைப்பு நின்று, ஓய்வூதியத்தில் வாழும் காலத்திலும் இதைக் கட்டியாக வேண்டும். நீச்சல் தடாகமும் உடற்பயிற்சிக் கூடமும் விளம்பரப் படத்தில் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு நாளும் இறங்காத தடாகத்தின் தண்ணீருக்கும் நீங்களே பணம் கட்டுவீர்கள். கடற்கரையோரக் கட்டடமென்றால் உப்புக்காற்று இரும்பையும் இயந்திரங்களையும் அரிக்கும். கட்டடம் முதுமையடைய, செலவும் வளரும்.

2022 தந்த பாடம்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஜெனரேட்டர் இருந்த இடங்களிலும் டீசலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. லிப்ட் நின்றால் பத்தாம் மாடியில் இருக்கும் முதியவர் வீட்டுச் சிறையில் இருப்பவர் போலாகிவிடுவார். பம்பி இயங்காவிட்டால் வுழூச் செய்யவும் தண்ணீர் ஏறாது. சமையல் வாயு கிடைக்காத அந்த நாட்களில் முற்றமுள்ள வீட்டார் மூன்று கல்லை வைத்து விறகடுப்பு மூட்டினார்கள். மாடி வீட்டுக் குசினியில் அதற்கு வழியேது? இவை அன்றாட நிலைமைகள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் வீடென்பது நல்ல நாளுக்கு மட்டும் வாங்குவதல்லவே!

எமது குடும்ப அமைப்புக்குப் பொருந்துமா?

நிலத்தில் வீடுள்ளவர் மூத்த மகளுக்குக் கீழ்வீட்டையும், இளைய மகளுக்கு மேலே ஒரு தட்டையும் கட்டிக்கொடுக்கிறார். தொடர்மாடி வீட்டில் ஓர் அறையைக்கூடக் கூட்ட முடியாது. வாப்பா மௌத்தானதும் காணியென்றால் வாரிசுகள் அளந்து பிரித்துக்கொள்ள வழி இருக்கலாம். இரண்டு அறை மாடி வீட்டை எப்படிப் பிரிப்பது? விற்றுப் பங்கிட வேண்டும், அல்லது ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்க வேண்டும். ஒரு மகளுக்கென்று வாங்கும் எண்ணமிருந்தால், மற்றப் பிள்ளைகளின் நியாயத்தையும் கவனித்து, உயிரோடு இருக்கும்போதே முறையாக ஹிபா எழுதிக் கையளித்துவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுச் சென்ற வீடுகளால் உடன்பிறந்தோர் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எத்தனை!

இன்னொன்று, சொல்லச் சங்கடமானாலும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருநாள் ஜனாஸா இறங்கத்தான் போகிறது. சிறிய லிப்டுக்குள் சந்தூக்கு கிடையாகப் போகுமா? படிக்கட்டு வளைவில் அது திரும்புமா? நோயாளியைப் படுக்க வைத்து இறக்க முடியுமா? வீடு பார்க்கப் போகும்போது தரையோட்டின் பளபளப்பைப் பார்க்கும் கண்கள் இதையும் பார்க்கட்டும்.

கொடுக்கல் வாங்கலில் பேணுதல்

கட்டி முடியாத வீட்டுக்கு முற்பணம் கொடுப்போர் பலர். இல்லாத பொருளை விற்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. ஆனால் செய்து தருமாறு ஒப்பந்தம் செய்யும் 'இஸ்திஸ்னாஉ' முறையை 1992 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹ் அகடமி ஏற்றுக்கொண்டது. பொருளின் தன்மையும் அளவும் ஒப்படைக்கும் காலமும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணத்தைத் தவணையாகச் செலுத்தலாம். செய்து கொடுப்பவர் தாமதித்தால் நட்டஈடு என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். ஆகவே எத்தனையாவது மாடி, எத்தனை சதுர அடி, எப்போது கையளிப்பு, பிந்தினால் என்ன என்பன எழுத்தில் இருக்கட்டும்.

வட்டிக் கடனைத் தவிர்ப்பவர்களுக்குக் குறைந்து செல்லும் முஷாரகா முறை இலங்கையில் கிடைக்கிறது. வங்கியும் நீங்களும் பங்காளிகளாகி, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடியே அதைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறீர்கள். அப்போதும் ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத் இல்லை. விற்று இலாபம் பெறும் நோக்கத்தோடு வாங்கிய வீடு வியாபாரப் பொருள். வருடம் பூர்த்தியானதும் சந்தைப் பெறுமதியில் 2.5 வீதம் ஸகாத் உண்டு.

அயலவரே பெரிய வசதி

ஒரே கூரையின் கீழ் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வாழ்கிறோம். ஸஹருக்கு எழும்பும் எமது வீட்டின் ஆரவாரம் கீழ்வீட்டாரின் நித்திரையைக் கலைக்கக்கூடாது. விருந்தினரின் வாகனம் அடுத்தவரின் இடத்தில் நிற்கக்கூடாது. நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை பக்கத்து வீட்டுக்கும் போகட்டும். அயலவர் நல்லவராக அமைந்தால் சிறிய வீடும் விசாலமாகும். அது நம்மிடமிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

இறுதியாக

அன்பர்களே, வேண்டாம் என்பதோ வாங்குங்கள் என்பதோ இக்கட்டுரையின் நோக்கமல்ல. வேலையும் பாடசாலையும் நகரத்தில் இருக்க, நிரந்தர வருமானமும் சிறிய குடும்பமும் உள்ளவருக்குத் தொடர்மாடி நல்ல தெரிவாக அமையலாம். பிள்ளைகள் பலர், வயோதிபப் பெற்றோர், நிலையில்லாத வருமானம் என்றிருப்பவருக்குப் புறநகரில் ஆறு பேர்ச்சஸ் காணி அதைவிட ஆறுதல் தரலாம்.

வாங்கத் தீர்மானித்தால், சட்டத்தரணி ஒருவர் மூலம் உறுதியையும், பதியப்பட்ட கூட்டாதன வரைபடத்தையும், அங்கீகரித்த திட்டப்படியே கட்டப்பட்டது என்ற சான்றிதழையும் பாருங்கள். பழைய கட்டடமென்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கணக்கைக் கேளுங்கள். நிலுவை வைத்திருப்போர் எத்தனை பேர், லிப்டைத் திருத்தச் சேமிப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு மழைநாளில் போய்ச் சுவரைப் பாருங்கள், இரவில் போய்ச் சத்தத்தைக் கேளுங்கள், அங்கே குடியிருக்கும் இருவரோடு பேசுங்கள்.

வீட்டில் உள்ளவர்களோடு, குறிப்பாகப் பகல் முழுக்க அங்கே இருக்கப் போகும் மனைவியோடும் உம்மாவோடும் மஷூரா செய்யுங்கள். இஸ்திகாராத் தொழுங்கள். அதன் பிறகு கையெழுத்திடுங்கள். அல்லாஹ் எம் அனைவருக்கும் மன அமைதி தரும் வீடுகளையும், எம்மால் அமைதி பெறும் அயலவர்களையும் தந்தருள்வானாக!