துண்டும் சுருளும்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலைக் கொழுந்தை வளர்க்கும் பனியும் மழையுமே காகிதத்துக்குச் சத்துரு. லயத்துக் காம்பராவில், தகரக் கூரையின் கீழே, டிரங்குப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் பத்திரப்படுத்திய கடுதாசியும் சில மழைக்காலம் கண்டதும் பூஞ்சணம் பூத்து, மடித்த இடத்தில் இற்றுப்போகிறது. போனால் போகட்டுமே என்று பிறர் சொல்லலாம். கடனைத் தீர்த்தால் இன்ன ஆளை விடுவிக்கிறோம் என்று துரை எழுதித் தந்த ‘துண்டை’ நம்பித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய ஜனங்களின் சந்ததியாரோ, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பனாராவது, அன்றேல் பாட்டனும் பூட்டனுமாவது இலங்கையில் ஜனித்தவர் என்று காகிதத்தைக் கொண்டே ருசுப்படுத்த வேண்டியவர்களானார்கள்.

காகிதம் அழிந்தாலும் எழுத்து அழியாதிருக்கச் செய்யும் சாதனங்களுள் ஒன்று மைக்ரோபிலிம் எனும் நுண்படச் சுருள். வெள்ளி உப்புக் கலந்த ஜெலட்டின் பூசிய 35 மில்லிமீட்டர் பிலிமில், மேலே பொருத்திய காமிரா கீழே விரித்த ஏட்டைப் பக்கம் பக்கமாகப் பிடிக்க, பெரிய பத்திரிகைத் தாளும் தபால் தலையளவாய்ச் சுருங்கி, நூறடிச் சுருளொன்றில் பல நூறு பக்கங்கள் அடங்கிவிடுகின்றன. வாசிக்க விளக்கும் பூதக்கண்ணாடியும் போதும்.

1839இலேயே லிவர்பூலில் ஜான் பெஞ்சமின் டான்சர் ஒரு பத்திரத்தை 160 மடங்கு சுருக்கிக் காட்டினார். 1870இல் ஜெர்மானியப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது, ரெனே டாக்ரோன் ஆயிரக்கணக்கான கடிதங்களை மெல்லிய படலங்களில் ஏற்றிப் புறாக்களின் வாலிறகிலே கட்டியனுப்ப, நகருக்குள் அவற்றைத் திரையில் பெருக்கிக் குமாஸ்தாக்கள் பிரதியெடுத்தார்கள். அவர்கள் கண்கள் என்ன பாடுபட்டனவோ!

நம்மவர் பலரின் மூதாதையர் புறப்பட்டு வந்த இராமநாதபுரச் சீமையிலே, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும், 1992இல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையை அடைந்தன. அங்கே 1994இல் தோன்றிய ஆராய்ச்சி நூலகத்தில், நொறுங்கும் நிலையிலிருந்த பக்கங்கள் பல இவ்வாறே சுருளேறின.

முறைப்படி கழுவி உலர்த்திய பாலியெஸ்டர் சுருள் 500 ஆண்டு தாங்கும் என்ற மதிப்பீடு, குளிர்ச்சியும் வறட்சியும் ஒருங்கே வாய்த்த அறைக்கே பொருந்தும். நுவரெலியாவில் குளிர்ச்சிக்குக் குறைவில்லை; வறட்சிக்கு எங்கே போவது? ஈரம் பட்டால் ஜெலட்டினையும் பூஞ்சணம் தின்றுவிடுமாதலால், மலையகத்துக் கடுதாசிகளைப் படமெடுப்போர், வாசகர் கைக்கு ஒரு பிரதியைத் தந்துவிட்டு, மூலச் சுருளை ஈரம் நீக்கிய அறையொன்றில் வேறாகப் பூட்டி வைக்க வேண்டும்.