முத்திரை மாற்றம்

மூலனூர் விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் எடுப்போர் பஞ்சைத் தொட்டுப் பார்த்தே விலை கூறுவர். மோட்டார் வண்டி வாங்குவோரோ முகப்பிலுள்ள முத்திரையைக் கண்டே மயங்குகின்றனர். அம்முத்திரை நிலையானதன்று. 'மாரிஸ் ஆக்ஸ்போர்டு' என்னும் ஆங்கில வண்டியே நம் நாட்டில் 'அம்பாஸடர்' என்ற பெயருடன் 2014 வரை உற்பத்தியாயிற்று. இத்தாலிய 'பியட் 1100' வண்டி 1974இல் 'பத்மினி' ஆயிற்று. மாருதியின் 'பலேனோ'வே 2019இல் டொயோட்டா முத்திரை தாங்கிக் 'கிளான்ஸா'வாக வெளிவந்தது.

இதனை மோசடியென்று கூறுவதற்கில்லை. நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு உலகறியச் செய்யும் காரியம் இது. முத்திரையிட்டவரே உத்தரவாதமும் அளிக்கின்றனர். ஆனால், மலிவான மாடலில் உயர்ந்த மாடலின் எழுத்துக்களை ஒட்டி, உண்மையை மறைத்து விற்பது வஞ்சனையேயாகும். வாங்குவோர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தல் நலம்.

நமது ஜில்லாவின் நிலைமையோ இதற்கு நேர்மாறானது. அம்பாஸடரில் அந்நியர் அமைப்புக்கு நாம் பெயரிட்டோம். திருப்பூரிலோ நம் தொழிலாளர் தைக்கும் பனியன்களில் பல, அந்நியர் பெயர்ச்சீட்டுடன் கப்பலேறுகின்றன. உழைப்பு நம்முடையது, பெயரும், பெயருக்குரிய லாபமும் பிறருடையவை. கூலியோடு திருப்தியடைதல் தகுமோ? தரத்தில் குறைவில்லாத நம் உற்பத்தியாளர், தம் பெயரையே பொறித்து உலகச் சந்தையில் நிற்கத் துணிய வேண்டுமென்பதே நமது கோரிக்கை.