உண்ண மறுக்கும் பாம்புக்குட்டி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் கூற்று. படையை நடுங்கவைக்கும் அப்பிராணியை ஒரு சிறு பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, "ஐயோ, இது இன்னும் ஒன்றும் உண்ணவில்லையே!" என்று கண்ணீர் வடிக்கும் பிள்ளைகளும் இவ்வுலகில் உண்டு என்றால் நம்மிற் பலர் வியப்படைவர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாயையும் பூனையையும் போலவே பாம்பையும் செல்லப்பிராணியாக வளர்க்கும் வீடுகள் பல. அவற்றிலே பெரிதும் விரும்பி வளர்க்கப்படும் இனங்களுள் ஒன்று, ஆபிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. ஆங்கிலேயர் இதனை அரச மலைப்பாம்பு என்பர்; அமெரிக்கர் பந்து மலைப்பாம்பு என்பர். அச்சங்கொண்டால் தலையை நடுவில் மறைத்து உடலைப் பந்துபோற் சுருட்டிக்கொள்வதால் வந்தது இரண்டாவது பெயர்.

நஞ்சற்ற இப்பாம்பு நன்கு வளர்ந்தாலும் ஒரு மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் நீளமே இருக்கும். முட்டையை விட்டு வெளிவரும் குட்டியோ ஒரு முழத்துக்கும் குறைவு. சாதுவான இந்தக் குட்டிக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. புதிய இடத்துக்கு வந்ததும் அது உண்ணாநோன்பு தொடங்கிவிடும். அந்நோன்பை முடித்து வைப்பது எப்படி? பிராணிகளின் இயல்பை அறிய விரும்பும் மாணவருக்கு இதிற் கற்க வேண்டியவை பல உள்ளன.

புற்றிலே பிறந்த பிள்ளை

கானா, தோகோ, பெனின் முதலிய மேற்கு ஆபிரிக்க நாடுகளின் புல்வெளிகளே இதன் தாயகங்களுட் சிறந்தவை. பகற்பொழுதை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழித்துவிட்டு, இருள் சூழ்ந்தபின் இரைதேடப் புறப்படும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் பழமொழி சொல்கிறோம். அங்கே அது நாள்தோறும் நடக்கும் காரியம். பெனின் நாட்டின் ஊய்தா நகரிலே இம்மலைப்பாம்புகளைத் தெய்வமாகப் போற்றும் கோயில் ஒன்றும் இருக்கின்றது. நாகதம்பிரானை வழிபடும் நமக்கு அது புதுமையாகத் தோன்றாது.

தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிவளைத்து ஏறத்தாழ இரண்டு மாதம் காக்கும். குட்டிகள் வெளிவந்தபின் அவற்றுக்கு இரை ஊட்டுவதில்லை. முட்டையின் மஞ்சட் கருவிலிருந்து பெற்ற சத்தைக்கொண்டே குட்டி முதற் சில நாட்களைக் கழிக்கும். முதற் சட்டையைக் கழற்றிய பின்னரே இரையை நாடும். ஆகவே, சில நாள் உண்ணாதிருத்தல் அதற்கு இயற்கை அளித்த வல்லமையாகும்.

இத்தகைய குட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, வெளிச்சத்தில் வைத்து, வீட்டார் யாவரும் சூழ்ந்து நின்று பார்த்தால் அதன் மனநிலை எவ்வாறிருக்கும்? காட்டிலே அதனை உற்று நோக்குவன பருந்தும் கீரியின் இனத்தவையும் போன்ற பகைகளே. அஞ்சி ஒடுங்கும் உயிருக்குப் பசி தோன்றாது. அது உண்ண மறுப்பதைப் பிடிவாதம் என்று கொள்ளுதல் தவறு. அது அச்சத்தின் அடையாளம்.

முதல் வாரத்து விருந்தோம்பல்

வீட்டுக்கு வந்த விருந்தினரை நாம் ஓடி ஓடி உபசரிக்கிறோம். இவ்விருந்தினரை உபசரிக்கும் முறையோ, விட்டு விலகி இருப்பது. முதல் ஒரு வாரத்துக்குக் குட்டியைக் கையில் எடுத்தல் ஆகாது. தண்ணீரை மாற்றுவதும், அசுத்தத்தை அகற்றுவதும் தவிர வேறெதற்கும் பெட்டியைத் திறத்தல் வேண்டாம்.

பெட்டி பெரிய மாளிகைபோல் இருக்க வேண்டியதில்லை. வெறும் வெளி அதிகமாயிருந்தால் குட்டிக்கு அச்சமே மிகும். உடலைச் சுருட்டி வைத்தால் இரு பக்கமும் சுவர் தொடும்படியான சிறிய மறைவிடங்கள் இரண்டு வேண்டும். அவற்றில் ஒன்றை வெப்பமான பக்கத்திலும் மற்றொன்றைக் குளிர்ந்த பக்கத்திலும் வைத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால், அது மறைவா வெப்பமா என்று இரண்டில் ஒன்றை இழக்க நேரிடும்.

வெப்பம் இன்றியமையாதது. நம்மைப்போல் உடலுக்குள்ளே சூட்டை உண்டாக்கி நிலையாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் பாம்புக்கு இல்லை. வெப்பமான பக்கம் 31 அல்லது 32 பாகை செல்சியசும், மறுபக்கம் 25 அல்லது 26 பாகையும் இருத்தல் நன்று. சூடு குறைந்தால் விழுங்கிய இரை சீரணிக்காமல் வயிற்றிலே அழுகும். குட்டி அதனைக் கக்கிவிடும். சூடு மிஞ்சினால் உடல் வெந்து புண்ணாகும். ஆதலால் வெப்பமானியும், வெப்பத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் கருவியும் இன்றி இதனை வளர்க்க முற்படுதல் கூடாது. காற்றிலே ஈரப்பதன் 60 வீதமளவில் இருக்க வேண்டும்; குடிக்கவும் சில வேளை உடலை நனைக்கவும் கனமான பாத்திரத்தில் தூய நீர் வேண்டும்.

முதல் இரை

ஒரு வாரம் சென்றதும் இரை கொடுத்துப் பார்க்கலாம். பாலும் பழமும் இதற்கு உணவாகா. எலியே இதன் உணவு. குட்டியின் நிறையிற் பத்து முதல் பதினைந்து வீதம் வரை நிறையுள்ள இரையே ஏற்றது. 60 கிராம் நிறையுள்ள குட்டிக்கு 6 முதல் 9 கிராம் வரையான சுண்டெலிக் குஞ்சு போதும்.

உயிருள்ள எலியை உள்ளே விடுவது கொடுமை மட்டுமன்று, ஆபத்துமாகும். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். அதனால் உறைய வைத்த இறந்த எலிகளைக் கடைகளில் விற்கிறார்கள். அதனைக் குளிர்சாதனப் பெட்டியிலே மெல்ல உருக வைத்து, பின்னர் பையிலிட்டு வெந்நீரில் வைத்து உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இம்மலைப்பாம்பின் மேலுதட்டிலே வெப்பத்தை உணரும் நுண்ணிய குழிகள் உள்ளன. இருளில் இரையை அது கண்டறிவது பெரும்பாலும் அவற்றாலும் மணத்தாலுமே. ஆறிய எலி அதற்குக் கல்லும் மண்ணும் போன்றது.

இரவிலே விளக்கைத் தணித்து, நீண்ட இடுக்கியால் எலியின் வாலைப் பற்றி, மறைவிடத்தின் வாயிலருகே மெதுவாக அசைத்துக் காட்ட வேண்டும். பாயவில்லையா? எலியை அங்கேயே வைத்துவிட்டு அப்பாற் சென்றுவிடலாம். ஆளரவம் அடங்கியபின் தானாகவே உண்ணும் குட்டிகள் பல. விடிந்தும் கிடந்தால் அகற்றிவிட வேண்டும்.

மறுநாளே மீண்டும் நீட்டுவதுதான் பலர் செய்யும் பிழை. நாள்தோறும் தொந்தரவு செய்தால், இரையைக் கண்டாலே குட்டி அஞ்சத் தொடங்கும். ஐந்து முதல் ஏழு நாள் பொறுத்து மறுபடி முயல்வதே முறை. முன்னர் வளர்த்தவர் எத்தகைய இரையைக் கொடுத்தார் என்று கேட்டறிந்து அதையே கொடுப்பதும் பயன்தரும். கண்கள் பால்நிறமாக மங்கியிருந்தால் சட்டை கழற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று அறிந்து அதுவரை காத்திருக்க வேண்டும். உண்டபின்னும் இரண்டு நாள் கையில் எடுத்தல் ஆகாது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பொறுமை வேறு, அசட்டை வேறு. வாரந்தோறும் குட்டியை நிறுத்து எழுதிவைத்தல் வேண்டும். நிறை மாறாதிருக்குமானால் சில வாரம் உண்ணாவிடினும் பெரும் பாதகமில்லை. 60 கிராம் இருந்த குட்டி 54 கிராமாக இறங்கினாலோ, மூச்சு விடும்போது இரைச்சல் கேட்டாலோ, வாயில் நுரை கண்டாலோ, ஊர்வன பற்றி அறிந்த மிருக வைத்தியரிடம் தாமதியாது காட்ட வேண்டும். பாசத்தால் வாயைப் பிளந்து இரையைத் திணிப்போர் உண்டு. அது குட்டியின் வாயையும் உணவுக் குழாயையும் புண்படுத்தி உயிருக்கே உலை வைக்கக்கூடும். அத்தகைய இறுதி முயற்சி வைத்தியர் கைக்குரியது. பாம்பைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும் வேண்டும். ஊர்வனவற்றின் உடலிலே சல்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

வாங்குமுன் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நன்கு பேணினால் இது இருபது, முப்பது ஆண்டு வாழும். அமெரிக்காவின் சென் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலைக்கு 1961இல் ஒருவர் கையளித்த பந்து மலைப்பாம்பு, 2020ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஏழு முட்டைகள் இட்டது. அப்போது அதன் வயது 62 வரையில் இருக்கும் என மதிப்பிட்டனர். பத்து வயதுப் பிள்ளையின் ஆசைக்கு வாங்கும் குட்டி, அப்பிள்ளை பெற்றோரான பின்னும் வீட்டில் இருக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு நம் வேலியோரத்துப் பாம்பைப் பிடிக்க எவரும் முனைய வேண்டாம். நஞ்சுள்ளவையும் அவற்றைப் போன்ற தோற்றமுடையவையும் இங்கு உள்ளன. அன்றியும், 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இந்நாட்டுப் பாம்புகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பளிக்கின்றன. அவற்றை அவற்றின் புற்றிலேயே விட்டுவைப்பதே நாம் செய்யும் உபகாரம்.

ஆனால் அந்தக் குட்டியின் கதை நம் எல்லாருக்கும் பொருந்தும். ஒரு நாள் இரவு, வீடு உறங்கியபின், மறைவிடத்திலிருந்து ஒரு சிறு தலை நீளும். நாக்கு இரண்டு முறை அசையும். மறுகணம் எலி அதன் சுருளுக்குள் இருக்கும். காலையில் வெறுமையான இடத்தைக் கண்டு பிள்ளை துள்ளிக் குதிக்கும். அணைத்துச் சாதிக்க முடியாததை விலகி நின்று சாதித்தோம் என்று அன்று அப்பிள்ளை அறிந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்து, ஒருவரோடும் பேசாமல் மூலையில் ஒதுங்கியிருக்கும் மாணவனையும் நாம் இவ்வாறே சில நாள் பொறுத்துப் பார்க்கலாம் அல்லவா?