கட்டுரை விற்கும் ஆலைகள்

மாணவர்களே, "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்றால் உடனே நம்பிவிடுகிறோம். ஆனால், நடக்காத ஆய்வுக்கும் கட்டுரை எழுதி விற்கும் நிறுவனங்கள் உள்ளன. இவையே 'கட்டுரை ஆலைகள்'.

பொதுவாக, விஞ்ஞானிகள் தங்கள் முடிவுகளைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்புவார்கள். அதே துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்த பிறகே அது வெளிவரும். கட்டுரை எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு தரும் இடங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. சீனாவில், நாள் முழுதும் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்கள்கூடக் கட்டுரை காட்ட வேண்டியிருந்தது. ஆய்வு செய்ய நேரமில்லாதவர்களுக்கு ஆலைகள் கட்டுரையை விற்றன. எண்களும் படங்களும் கற்பனை. ஆசிரியர் பெயருக்கான இடமும் விலைக்கு!

திருட்டு எப்படிப் பிடிபட்டது? 2020இல் எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய நண்பர்களும் 400க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் ஒரு விந்தையைக் கண்டனர். மருத்துவமனைகள் வேறு, நோய்கள் வேறு. ஆனால் புரதச் சோதனைப் படங்களின் பின்னணி மட்டும் ஒன்றுபோல் இருந்தது. படத்திலிருந்த பட்டைகள் தலைப்பிரட்டை வடிவில் இருந்ததால், அந்த ஆலைக்குத் 'தலைப்பிரட்டை ஆலை' என்றே பெயர் வந்தது.

2021இல் பிரான்சின் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக் குழுவினர் வேறொரு தடயத்தைக் கண்டனர். பிறர் எழுத்தைத் திருடுவோர், பிடிபடாமலிருக்க மென்பொருளால் சொற்களை மாற்றுகின்றனர். இதனால் ஆங்கிலக் கட்டுரைகளில் 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'போலி உணர்வு' ஆனது. 'மார்பகப் புற்றுநோய்' 'மார்பு ஆபத்து' ஆனது!

2023இல் ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் 8,000க்கும் அதிகமான கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இதனால் யாருக்கு நட்டம்? ஒரு பொய்க் கட்டுரையை நம்பிப் புற்றுநோய் மருந்து தேடும் ஆய்வாளர், இல்லாத ஒன்றைத் தேடிக் காலத்தையும் பணத்தையும் இழப்பார். காத்திருக்கும் நோயாளிக்கு அந்தக் காலம் திரும்பக் கிடைக்காது.

அதற்காக அறிவியலையே சந்தேகிக்க வேண்டியதில்லை. இந்த மோசடியைக் கண்டுபிடித்தவர்களும் அறிவியலாளர்களே. நீங்களும் கட்டுரையை மேற்கோள் காட்டும் முன், தலைப்பில் 'ரிட்ராக்டெட்' என்ற குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். ஊசல் சோதனையில் விடை 9.81 வராவிட்டால், நண்பரின் எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள். உங்களுக்குக் கிடைத்த எண்ணையே எழுதி, ஏன் மாறியது என்று தேடுங்கள். அதுதான் ஆய்வு.