வெயிலில் காகம் ஏன் வாயைப் பிளந்து நிற்கிறது?

சித்திரை வெயிலில் மதில்மேல் நிற்கும் காகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அலகு திறந்தே இருக்கும், ஆனால் கரையாது. தாகம் என்றுதான் நினைப்போம். உண்மையில் அது தன் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது.

எப்படி? பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. உடல் முழுக்க இறகு வேறு.

மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துப் போகிறது. தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. காகம் வேகமாக மூச்சு வாங்கும்போது வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் அப்படித்தான் ஆவியாகிறது. அங்கே ஓடும் ரத்தம் குளிர்ந்து உடலுக்குள் திரும்புகிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் இதில் இன்னும் கெட்டி. தொண்டைத் தோலையே படபடவென அதிரவைக்கும். அதற்கு உழைப்பும் குறைவு.

இன்னொரு வசதி, நம்மைவிடச் சூடான உடம்பு. பறவைகளுக்குச் சுமார் 41 டிகிரி செல்சியஸ் இயல்பு. காற்று 38 டிகிரியைத் தொட்டால் வெளிச்சூடு நமக்குள் வரத் தொடங்கும். நிழலில் இருக்கும் பறவையிலிருந்தோ அப்போதும் சூடு வெளியேறும். இறக்கைகளைச் சற்று விலக்கி வைப்பதும் அதற்காகத்தான். இறகு குறைந்த அடிப்பக்கத்தில் காற்று படும்.

ஆனால் இதற்கெல்லாம் செலவாவது உடம்பின் நீர். புழுக்கமான கடற்கரை ஊர்களில் ஈரம் எளிதில் ஆவியாவதுமில்லை. பாவம், அங்கே நிழலில் அசையாமல் உட்காருவதுதான் காகத்துக்கு மிஞ்சும் வழி.